மேசைக்கணினியா, மடிக்கணினியா? அதற்கு முன் டிஸ்க்கைப் பார்க்கலாம்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இதுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் வேலை செய்யும் நிலைக்கு வர நான்கைந்து நிமிடம் எடுக்கிறது. கணக்கு, கடிதம், இணையம் என்று இருந்த உங்கள் வேலையில் இப்போது வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்திருக்கிறது. மாதத்தில் இரண்டொரு முறைதான் கணினியை வெளியே எடுத்துச் செல்கிறீர்கள். மேசைக்கணினிக்கு மாறுவதா, புது மடிக்கணினி வாங்குவதா, இருப்பதிலேயே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் டிஸ்க்) போட்டு ஓட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதை முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலரும் உண்மையில் டிஸ்க் மெதுவாக இருப்பதைத்தான் சொல்கிறார்கள். இதை நீங்களே சோதிக்கலாம். கணினி ஆன் ஆன கையோடு டாஸ்க் மேனேஜர் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். ஆனால் படிக்கும் வேகமோ நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்றே காட்டும். பிராசசர் பெரும்பாலும் சும்மா இருக்கும். இந்தக் காட்சி உங்கள் கணினியிலும் தெரிந்தால், புதுக் கணினி வாங்கும் முடிவைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம்.

நூறு சதவீதம் வேலை செய்யும் டிஸ்க் ஒன்றிரண்டு எம்பி மட்டும் தருவது எப்படி என்று தோன்றும். மடிக்கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு மேலும் பத்து மில்லி நொடிக்குக் குறையாமல் ஆகும். ஆக, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும்போது நொடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் இதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் நடப்பதோ முழுக்க முழுக்க இந்தச் சிதறிய வாசிப்புதான். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும், பல துண்டுகளை ஒரே நேரத்திலும் எடுக்கும். பெரிய கோப்பைப் படியெடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்குக்கும் சாட்டா வகை எஸ்எஸ்டிக்கும் (அது என்ன என்பது கீழே) உள்ள வேறுபாடு நான்கைந்து மடங்குதான்; இந்தச் சில்லறை வாசிப்பிலோ அது நூறு மடங்கைத் தாண்டும். நாம் 'ஸ்லோ' என்று உணர்வது இந்தச் சில்லறையைத்தான்.

எந்த எஸ்எஸ்டி என்பதில் பலர் குழம்புகிறார்கள். சாட்டா என்பது பழைய இணைப்பு. அதன் மூன்றாம் பதிப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். 8 பிட் தகவலுக்கு 10 பிட் அனுப்பும் முறை அதில் இருப்பதால் உச்சம் 600 எம்பிதான், நடைமுறையில் 550 எம்பி அளவுக்குக் கிடைக்கும். என்விஎம்இ என்பது பிசிஐஇ என்ற வேகமான தகவல் பாதை வழியாக நேரே பிராசசரோடு பேசும் முறை. நான்கு பாதைகள் கொண்ட மூன்றாம் தலைமுறை டிரைவ் 3,500 எம்பி வரையும், நான்காம் தலைமுறை 7,000 எம்பி வரையும் தரும். இந்த எண்களைப் பார்த்ததும் சாட்டாவை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற மாற்றத்தில் ஒரு சிறு பங்குகூடச் சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரிவதில்லை. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் போய்விட்டால் அடுத்து பிராசசருக்காகத்தான் காத்திருக்கிறோம். பெரிய வீடியோ கோப்புகளை ஓர் டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றுபவர்களுக்கு என்விஎம்இ உண்மையாகவே உதவும்.

எம்.2 என்பது வேகத்தின் பெயர் அன்று, வடிவத்தின் பெயர். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 ஆகியவை அதைவிடக் குட்டையானவை. எம்.2 வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, என்விஎம்இ டிரைவும் உண்டு. உங்கள் கணினியின் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், சிலவற்றில் இரண்டையும் ஏற்கும், சிலவற்றில் ஸ்லாட் வைக்க இடம் மட்டும் விட்டுவிட்டுப் பொருத்தாமலே அனுப்பியிருப்பார்கள். ஆகவே மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்லாட் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி உட்கார்ந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, உள்ளே இருக்கும் சில்லின் வகை. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. பின்னது மலிவு, படிக்கும்போது குறை தெரியாது. எழுதும்போது தொடக்கத்தில் ஒரு வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பும்வரை நன்றாக ஓடும், அது நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழுந்துவிடும். கணக்கு எழுதுபவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு மணி நேர நிகழ்ச்சியை ஒரே மூச்சில் படியெடுக்கும் உங்களுக்கு அது தெரியும். எனவே உங்களுக்கு டிஎல்சிதான். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டெராபைட் எழுதலாம் என்ற உத்தரவாதம் பரவலாகக் காணப்படுவது. நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அதைத் தீர்க்க 12,000 நாள், அதாவது 32 ஆண்டுக்கு மேல் ஆகும். 1 டிபி வாங்கிவிட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவே.

மாற்றும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் படியெடுப்பது, அதாவது குளோன் செய்வது, ஒரு வழி. புதிதாக விண்டோஸ் நிறுவிவிட்டுக் கோப்புகளை மட்டும் மாற்றிக்கொள்வது மற்றொரு வழி. ஏழு ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினி என்பதால் நான் இரண்டாவதையே சொல்வேன். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) பிணைந்தது என்பதால் டிஸ்க் மாறினாலும் உரிமம் போகாது. குளோன்தான் வேண்டும் என்றால், யுஎஸ்பி-சாட்டா கேபிளில் புது டிரைவை இணைத்துக் குளோனசில்லா போன்ற இலவச மென்பொருளால் செய்யலாம். புது டிரைவ் பெரியதாக இருந்து, விண்டோஸ் இருக்கும் சி பகுதிக்கு அடுத்தே அதன் மீட்புப் பகுதி அமர்ந்திருந்தால், மீதி இடத்தைச் சியோடு சேர்க்க முடியாமல் அது குறுக்கே நிற்கும். அதை நகர்த்திய பிறகே விரிக்க முடியும். குளோன் முடிந்த பின் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. எந்த வழியானாலும் கழற்றுவதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், கழற்றிய பழைய டிஸ்க்கை வெளியே வைத்துத் திறக்க வழியில்லை.

அடிமூடியைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே தாளில் வைத்துவிடுவது என் பழக்கம். எல்லாத் திருகும் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது கைவைக்கும் மேல்பகுதியில் கொப்புளம் போல் முட்டி நிற்கும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகர உறையை நான்கு திருகுகளோடு எடுத்துப் புது டிரைவுக்கு மாட்ட வேண்டும். அதிலிருந்து போகும் காகிதம் போன்ற மெல்லிய கேபிளை இழுக்காமல், அதன் பட்டையைப் பிடித்து எடுங்கள். எம்.2 டிரைவ் என்றால் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்திப் படுக்க வைத்து, நுனியில் ஒரு சின்னத் திருகு போட வேண்டும். காலி ஸ்லாட்டோடு வரும் கணினிகளில் பெரும்பாலும் இந்தத் திருகு இருக்காது. டிரைவோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். டிரைவ் வில் போல் எழும்பி நிற்க, பிளாஸ்டர் ஒட்டி ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே கண்ணில் படவில்லை என்றால், டிரைவ் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருளை நிறுவலின்போது கொடுத்தால் தெரியும்.

மூடி திறந்திருக்கும் அதே நேரத்தில் ராமையும் பார்த்துவிடுங்கள். வீடியோ எடிட்டிங்குக்கு 8 ஜிபி போதாது. ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். ராம் பற்றாத கணினி மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அதனாலும் டிஸ்க் நூறில் நிற்கும்.

இவ்வளவும் செய்தால் கணக்கும் கடிதமும் இணையமும் புதுக் கணினி போல ஓடும். எடிட்டிங்கில் கோப்பு திறப்பது வேகமாகும். கடைசியில் முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும் (எக்ஸ்போர்ட்) நேரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனெனில் அது பிராசசரின் வேலை. அந்த நேரம் உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால்தான் முதல் கேள்விக்கு வருகிறோம்.

மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் உள்ள வேறுபாட்டை வேகம், விலை, எடை என்று அடுக்குவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மடிக்கணினியை நாம் ஒரே தடவையில் முழுசாக வாங்கிவிடுகிறோம், மேசைக்கணினியை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே இருக்கிறோம். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டின் அளவு, திருகுத் துளைகளின் இடம், பவர் சப்ளை பொருந்தும் விதம் ஆகியவற்றை வரையறுத்த அந்த முறையின் வழித்தோன்றலில்தான் இன்றைக்கும் மேசைக்கணினிகள் கட்டப்படுகின்றன. பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய பெட்டியில் இன்றைய மதர்போர்டு உட்காருவது இதனால்தான். மடிக்கணினி உலகில் இப்படி எல்லாரும் ஏற்ற பொது அளவு ஒன்று நிலைபெறவே இல்லை. பிராசசர் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் சில்லும் அப்படியே. மெலிந்த மாடல்களில் ராமும் அப்படியே. ஆப்பிளின் இன்றைய மேக்புக்குகளில் சேமிப்பும் பற்றவைக்கப்பட்டதுதான். மலிவான சிறு கணினிகளில் இஎம்எம்சி என்ற பெயரில் வரும் 64 ஜிபி, 128 ஜிபி சேமிப்பும் அதே கதை.

இதிலிருந்து வாங்கும் முறையே மாறுகிறது. மடிக்கணினி வாங்கும்போது பின்னால் மாற்ற முடியாதவற்றை முதலில் பார்க்க வேண்டும்: பிராசசர், கிராஃபிக்ஸ், திரை, விசைப்பலகை, பற்றவைத்த ராம் என்றால் அதன் அளவு. எஸ்எஸ்டி ஸ்லாட்டில் வருகிறது என்றால் அதன் அளவைக் குறைத்து வாங்கி, அந்தக் காசை ராமில் போடுவது புத்திசாலித்தனம். மேசைக்கணினியில் இதற்கு நேர்மாறு. இன்றைக்கு என்ன தேவையோ அதை மட்டும் வாங்கி, நல்ல மதர்போர்டிலும் நல்ல பவர் சப்ளையிலும் மட்டும் கையைத் தாராளமாக விட்டால் போதும்.

ஒரே பெயர், ஒரே எண் என்பதை நம்பி மடிக்கணினியையும் மேசைக்கணினியையும் ஒப்பிடவும் கூடாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராஃபிக்ஸ் கார்டு மேசைக்கணினியில் 24 ஜிபி நினைவகத்தோடு 450 வாட் வரை எடுக்கும். அதே 4090 என்ற எண்ணோடு மடிக்கணினியில் வருவது வேறு சில்; 16 ஜிபி நினைவகம், 150 வாட் அளவுக்குள் அடங்கியது. பிராசசரிலும் இதே நிலைதான். உங்கள் கணினியில் இருக்கும் வகை ஐ5 பிராசசர் 15 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது, மேசைக்கணினியின் சாதாரண ஐ5 65 வாட். வெப்பத்தை வெளியேற்ற ஒரு கை அகல விசிறியும் ஒரு செங்கல் அளவு உலோகமும் வைக்க இடம் இருக்கிறது என்பதே மேசைக்கணினியின் வேகத்துக்குப் பாதிக் காரணம். அரை மணி நேரம் தொடர்ந்து வீடியோவை வெளியே எடுக்கும்போது மெலிந்த மடிக்கணினி ஒரு கட்டத்தில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மடிக்கணினியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றால் அது நிற்பதில்லை. மேசைக்கணினிக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்போடு போய்விடும். மேசைக்கணினிக்குக் கணக்கிடும்போது மானிட்டர், விசைப்பலகை, யுபிஎஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், நாள் முழுக்க உட்காருபவருக்கு மடிக்கணினி நல்லதில்லை; திரை கண் மட்டத்தில் இருந்தால் விசைகள் எட்டாது, விசைகள் எட்டினால் கழுத்து குனிந்திருக்கும். தனி மானிட்டரும் விசைப்பலகையும் இணைத்தால் இது தீர்ந்துவிடும்.

மேசைக்கணினிக்குப் போவதாக இருந்தால் டிஸ்க் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட் ஒன்றில் டிரைவ் போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகள் அணைந்துவிடும். கையேட்டில் எழுதியிருக்கும், படிப்பவர் குறைவு. அடுத்தது கேபிள். பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து கழற்றி மாட்டும் வகைக் கேபிள்கள் டிரைவ் பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பெட்டியின் பக்கம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கம்பி வரிசை வேறு. நான் ஒருமுறை பவர் சப்ளையை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கேபிள் நேர்த்தியாகக் கட்டியிருக்கிறதே என்று அதையே புதுப் பெட்டியில் செருகினேன். சுவிட்சைப் போட்ட நொடியில் கருகிய வாசனை வந்தது; 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய், ஒரு ஹார்ட் டிஸ்க் அங்கேயே முடிந்தது. மூன்றாண்டுப் படங்கள் அதில் இருந்தன. இன்னொரு பிரதி இருந்ததால் தப்பித்தேன்.

உங்களுக்கு என்ன செய்வது என்றால், 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டியும் ராமும் போட்டு இரண்டு மாதம் எடிட்டிங் செய்து பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்பதால் உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலுக்குள் வருகிறது, புதிதாக நிறுவும்போது அதையே நிறுவிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்தும் வீடியோ வெளியே வரும் நேரம்தான் தொந்தரவு என்றால், எடிட்டிங்குக்கு மேசைக்கணினியே வாங்குங்கள். மாதம் இரண்டு முறை வெளியே போவதற்கு இந்தப் பழைய மடிக்கணினியே இன்னும் சில ஆண்டு தாங்கும். அதற்காகப் புது மடிக்கணினிக்குச் செலவு செய்யும் தேவை உங்களுக்கு இல்லை. வேலையே வெவ்வேறு இடங்களில் என்று இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். புது டிரைவில் எல்லாம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறதா என்பது ஒரு மாதம் புழங்கிய பிறகே தெரியும்; எந்தக் கோப்புறையை விட்டோம் என்பது தேவைப்படும் நாளில்தான் நினைவுக்கு வரும். அதன் பிறகு 2.5 அங்குல யுஎஸ்பி உறை ஒன்றில் அதைப் போட்டு, முடிந்த வீடியோக்களின் இரண்டாவது பிரதியை வைக்கப் பயன்படுத்துங்கள். ஏழு ஆண்டு சுழன்ற டிஸ்க் என்பதால் ஒரே பிரதியை மட்டும் அதில் வைக்காதீர்கள்.